சுயம்புலிங்கம் ஆசானின் சஞ்சீவித் தைலம்

மனிதனுக்கு வருகிற நாலாயிரத்துச் சொச்சம் நோய்களும் வாசனைக்குக் கட்டுப்பட்டவை. உயிர் குடியிருக்கும் கோயிலுக்கு மூக்குதான் கோபுரவாசல். அந்த வாசலைக் காக்கத் தெரிந்த வைத்தியன் எமனைத் தெருமுனையிலேயே திருப்பி அனுப்பிவிடுவான். அகத்திய முனிவர் பொதிகை மலையில் வைத்துச் சொன்ன இந்த உண்மையைப் பூவங்குறிச்சி சுயம்புலிங்கம் ஆசான் தமது களரியின் நடுவில் நின்று முழங்கி முடித்தபோது, அவருடைய மூத்த சீடன் தாணப்பன் தன் கோபுரவாசலை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு குனிந்திருந்தான். விரலிடுக்கில் ரத்தம் சொட்டியது. அன்றைய அடிமுறைப் பாடத்துக்கு ஆசான் எடுத்துக்கொண்டது அந்த வாசலைத்தான்.

ஆசான் ஒரு குப்பியைத் திறந்து அவன் முகத்தருகே நீட்டினார்.

“மோந்து பாருலே. சஞ்சீவித் தைலம். செத்தவன் எந்திருப்பான்.”

“ரெத்தம் வடியுத மூக்குல என்னத்த ஆசானே மோக்கதுக்கு?”

“இதாம்லே உனக்கக் கொறை. எதுக்கெடுத்தாலும் ஒரு எதுத்த பேச்சு. மனசுத்தி இல்ல.”

இடுப்பிலிருந்த கொம்புச் சிமிழை எடுத்து ஒரு சிட்டிகை மூக்குப்பொடியை ஆழமாக இழுத்துவிட்டு, ஆசான் அடுத்த சீடனைக் கூப்பிட்டார். அடுத்த சீடன் வருவதற்குக் கொஞ்சம் யோசித்தான்.

தாணப்பனுக்கு நாற்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. சொந்தத்தில் வயலும், கல்யாணத்துக்கு நிற்கும் மகளும் உள்ளவன். ஆனாலும் களரிக்குள் நுழைந்தால் அவன் இன்னும் மாணாக்கன்தான். படித்த பாடமெல்லாம் அவன் உடம்பிலேயே இருந்தது. இடது சுண்டுவிரல் வளைந்து நிற்பது பூட்டுப் பாடம். மேல்வரிசையில் பல் இல்லாத இடைவெளி முட்டுப் பாடம். வலது காது கேளாமல் போனது எந்தப் பாடத்தில் என்பது ஆசானுக்கே ஞாபகமில்லை.

தெற்கன் களரிகளில் ஒரு வழக்கம் உண்டு. ஆசான் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிட்டு ஒன்றை மட்டும் தன்னிடமே வைத்துக்கொள்வார். நாளைக்கே சீடன் எதிரே வந்து நின்றால் தேவைப்படும் அல்லவா? அடிமுறையில் ஒளித்து வைப்பதற்கு சுயம்புலிங்கம் ஆசானிடம் அதிகம் இருக்கவில்லை. அவர் ஒளித்து வைத்தது தைலத்தில்.

அந்தத் தைலத்தின் பெயர் அஞ்சுகிராமம் சந்தை வரைக்கும் போயிருந்தது. சுளுக்கு, சதைப்பிடிப்பு, அடிபட்ட வீக்கம் எல்லாவற்றுக்கும் அதைத் தடவி உழிவார்கள். தலைபாரத்துக்கும் மூக்கடைப்புக்கும் கொதிநீரில் ஒரு சொட்டு விட்டு ஆவி பிடிப்பார்கள். மயங்கி விழுந்தவனுக்குத் துணியில் நனைத்து மூக்கருகே காட்டுவார்கள். சண்டைக்கு இறங்குகிறவன் உடம்பெல்லாம் பூசிக்கொண்டு இறங்குவான். நோயாளி வந்தால் ஆசான் முதலில் அவன் உள்ளங்கையை மோந்து பார்ப்பார். கண்ணை மூடுவார். பிறகு “வாதம்” என்பார். யார் கையை மோந்தாலும் வாதம்தான். பெரும்பாலும் நொண்டிக்கொண்டு வந்தவர்கள் என்பதால் அது பொருந்தியும் வந்தது.

செய்முறையில் பாதி எல்லோருக்கும் தெரியும். மலையடிவாரத்தில் ஆபேல் என்பவன் செம்பு வாலை வைத்திருந்தான். இலையையும் புல்லையும் அடுப்பிலேற்றி, ஆவியைக் குளிரவைத்து, சொட்டுச் சொட்டாகத் தைலம் இறக்குகிற பெரிய அண்டா அது. கருவா என்கிற லவங்கப்பட்டை மரத்தின் இலைத் தைலம், கிராம்புத் தைலம், இஞ்சிப்புல் தைலம் மூன்றையும் அவனிடமிருந்து வாங்கிச் சீடர்கள் ஒரு பானையில் கலப்பார்கள். பானையின் அடி நனைகிற அளவுதான் இருக்கும். ஆசான் அதைப் பூசையறைக்குள் எடுத்துக்கொண்டுபோய்க் கதவைச் சாத்துவார். உள்ளே மந்திரம் நடக்கும். வெளியே நிற்கிற சீடர்களுக்குக் ‘களக், களக்’ என்ற ஒலி மட்டும் கேட்கும். அது ஏதோ பீஜாட்சரம் என்று அவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். கதவு திறக்கும்போது பானை கழுத்துவரை நிறைந்திருக்கும். மந்திரத்தால் தைலம் பெருகுகிறது என்று ஊர் பேசிக்கொண்டது.

பூசையறையின் மூலையில் ஒரு பரணி நிறைய நல்லெண்ணெய் இருந்தது. ஒரு பங்கு தைலத்துக்கு முப்பது பங்கு நல்லெண்ணெய். மந்திரம் அவ்வளவுதான். இது தெரிந்த இரண்டாவது ஆள் ஆசானின் மனைவி பார்வதியம்மாள். விளக்குக்கும் தாளிதத்துக்கும் போக மிச்ச எண்ணெய் எங்கே போகிறது என்று எந்த வீட்டுக்காரிக்கும் தெரியாமல் இருக்காது.

தாணப்பனுக்குத் தெரியாது. ஒருமுறை, ஆசானை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும் என்று, மூன்று தைலத்தையும் தானே கலந்து தன் மச்சினனின் இடுப்புப் பிடிப்புக்குத் தடவிவிட்டான். வேகவைத்த சேப்பங்கிழங்கு மாதிரி தோல் கழன்று வந்தது. பதறிப்போய் ஒரு குடம் தண்ணீரைத் தூக்கி ஊற்றினான். எரிச்சல் இடுப்பிலிருந்து முழங்கால் வரை இறங்கியது. மச்சினன் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மறுகையால் உலக்கையை எடுத்தான். தாணப்பன் தலையில் துணிக்கட்டோடு ஆசானிடம் வந்து நின்று காரணம் கேட்டான்.

நல்லெண்ணெய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்தது. ஆசான் பொடியை இழுத்தார்.

“மனசுத்தி உள்ளவன் தொட்டா அது சந்தனம்லே. இல்லாதவன் தொட்டா தீ. உனக்கு எரிஞ்சுதா?”

“எரிஞ்சுது.”

“மச்சினனுக்கு?”

“உலக்கைய எடுத்துட்டான் ஆசானே.”

“ரெண்டு பேருக்கும் இல்ல.”

அன்றுமுதல் களரியில் தைலம் பட்டு எரிந்தாலும் யாரும் எரிகிறது என்று சொல்வதில்லை. கண்ணில் நீர் வந்தால் பக்தி என்றார்கள்.

முதல் தேர்தல் முடிந்த வருஷம், மாசி மாதம், அஞ்சுகிராமம் சந்தையில் வைத்து ஜான்ரோஸ் ஆசான் அந்தத் தைலத்தைக் கேவலமாகப் பேசிவிட்டார். பத்மநாபபுரத்துக்கு மேற்கே களரி நடத்துகிறவர். ஞாயிற்றுக்கிழமை மிஷன் கோயிலில் கர்த்தரைத் துதித்துவிட்டு மற்ற கிழமைகளில் அகத்தியரைக் குரு என்று சொல்லிக்கொள்பவர். கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டையும் கையில் கறுப்புக் குடையுமாக அவர் வந்து நின்றால், யாரும் அவரை அடிக்க மாட்டார்கள் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை உண்டு.

“கிழக்குல ஒரு ஆசான் உண்டும், விளக்கெண்ணெய்க்கு மந்திரம் பறையுதவரு” என்றார் ஜான்ரோஸ், வாழைக்குலை விலை பேசிக்கொண்டே. “அதப் பூசிக்கிட்டு எனக்க முன்னால ஒருநாள் வந்து நிக்கச் சொல்லும், பாப்பம்.”

பேச்சு பூவங்குறிச்சிக்கு வந்துசேருமுன் அதில் விளக்குமாறும் செருப்பும் சேர்ந்துவிட்டன. இரண்டு ஊர்ப் பெரிய மனுஷர்களும் கூடிப் பந்தயம் பேசினார்கள். கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்த வயலில் சண்டை. தோற்றவர் தமது தைலப்பானையை நாற்சந்தியில் கவிழ்த்துவிட்டுக் களரியைப் பூட்ட வேண்டும். அதன்பின் யாருக்கும் அடியும் சொல்லக்கூடாது, வைத்தியமும் பார்க்கக்கூடாது. சுயம்புலிங்கம் ஆசானுக்கு வேறு தொழில் தெரியாது. பங்காளிகளிடம் பாகம் கேட்டு அடித்த அடியில் வயல் வழக்குக்குப் போய், வழக்கும் தோற்றிருந்தது. பானை கவிழ்ந்தால் அவர் ஊரில் வெறும் சுயம்புலிங்கம்.

சண்டையன்று காலையில், அதற்குத் தலைமை தாங்கவிருந்த விழாத் தலைவர் வீட்டுக்கு ஆசான் போயிருந்த நேரத்தில் ஆபேல் வந்தான். கையில் பெரிய சாராயக் குப்பி; அது நிறையக் கருவா இலைத் தைலம். அந்தக் காலத்தில் கண்ணாடிக் குப்பிக்குக் கிராக்கி. “அம்மா, குப்பிய ஒழிச்சுத் தரணும், இன்னொரு எடத்துக்குக் கொடுக்கணும்” என்றான். பார்வதியம்மாள் வீடு முழுக்கத் தேடினாள். எண்ணெய் கொண்டுவரும் வாணியன் இரண்டு வாரமாக வராததால் பூசையறைப் பரணி காலியாகத் துடைத்துக் கிடந்தது. அதில் ஊற்றச் சொன்னாள்.

ஆபேல் எதை விற்றாலும் ஒரு பிரசங்கம் சேர்த்துத்தான் விற்பான்.

“தீப்பக்கம் கொண்டு போயிராதீங்கோ, பக்குன்னு பிடிக்கும். வெயிலும் ஆகாது. வாய இறுக்கிக் கெட்டி வையுங்கோ. பிள்ளையளுக்கு எட்டுத எடமா இருக்கப்பிடாது. நாக்குல தொட்டுப் பாக்கவே வேண்டாம். கையில பட்டுதுன்னா வெள்ளத்துல கழுவாதீங்கோ, அது பரத்தும். தேங்காயெண்ணெயத் தடவித் தொடச்சு எடுக்கணும், பிறகுதான் சோப்பு.”

“அவ்வளவும் சாமி ரூமுல சரியா வரும். இருட்டு, குளிர்ச்சி, ஒரு பிள்ள உள்ள போகாது” என்றாள் பார்வதியம்மாள். அவள் தலையைத் திருப்பிக்கொண்டே பேசினாள், கண் எரிந்தது.

ஆசான் திரும்பி வந்ததும் சீடர்கள் புதுத் தைலம் கலந்து வைத்த பானையை எடுத்துக்கொண்டு பூசையறைக்கு நடந்தார். பார்வதியம்மாள் அடுக்களையிலிருந்து வந்தாள்.

“இஞ்சேருங்கோ, அந்தப் பரணியில...”

“வாய மூடுட்டி. களரிக் காரியத்துல பொம்பளச் சத்தம் கேக்கப்பிடாது.”

“இல்ல, அதுல நல்லெண்ணெய்...”

“வெளிய சீடனுக நிக்கானுவ! நல்லெண்ணெய்ங்குத பேச்ச இந்த வீட்டுக்குள்ள எடுக்கப்பிடாதுன்னு சொல்லியிருக்கேனா இல்லியா?” என்று பல்லைக் கடித்து, ஆசான் கையை ஓங்கினார்.

பார்வதியம்மாள் ஓங்கிய கையைப் பார்த்தாள். சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு கீரை ஆய உட்கார்ந்துவிட்டாள்.

கதவு சாத்தப்பட்டது. களக், களக் என்ற பீஜாட்சரம் வழக்கத்தைவிட வேகமாகக் கேட்டது. பானை பாதிக்குத்தான் நிறைந்தது. வாணியன் அளவில் ஏமாற்றுகிறான் என்று ஆசான் நினைத்துக்கொண்டு, ஒரு சிட்டிகை பொடியை இழுத்து, பானையோடு வெளியே வந்தார். முன்வரிசைச் சீடர்கள் தும்மினார்கள். பின்வரிசைக்குக் கண்ணில் நீர் வந்தது. தெருவில் போன பசு ஒன்று நின்று, யோசித்து, வந்த வழியே திரும்பியது.

“தெய்வீக மணம்!” என்றான் ஒருவன், இருமலுக்கிடையில்.

ஆசான் கச்சை கட்டி நின்றார். தாணப்பன் தைலத்தை அள்ளி மார்பிலும் முதுகிலும் தொடையிலும் தேய்த்தான். கொஞ்ச நேரத்தில் அவன் கை நின்றது.

“ஆசானே, கை எரியுது.”

“உனக்கு எரியாம பின்ன?”

“இல்ல ஆசானே, இன்னைக்கு வேற மாதிரி எரியுது.”

“இன்னைக்கு வேற மாதிரி பாவம் செஞ்சிருப்பே. தேய்லே.”

கச்சைக்குள் பூச வேண்டியதை மட்டும் சீடன் தொடக்கூடாது என்பது முறை. மிச்சமிருந்ததை ஆசானே கைநிறைய அள்ளி, தாராளமாகப் பூசிக்கொண்டார்.

வயலுக்குப் போகிற வரப்பில் பாதி தூரம் நடந்ததும் ஆசானின் நடை மாறியது. கால்களை அகற்றி வைத்து நடந்தார். யானைநடை என்று பின்னால் வந்தவர்கள் வியந்தார்கள். ஆசான் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“கை இப்பம் எப்படிலே இருக்கு?”

“கொப்புளம் வந்துட்டு ஆசானே. ஒமக்கு?”

ஆசான் காலை இன்னும் கொஞ்சம் அகற்றி வைத்தார்.

“சந்தனம்” என்றார்.

வயலில் கூட்டம் பெருகி நின்றது. நடுவில் ஜான்ரோஸ் சட்டையைக் கழற்றி மடித்துக் குடையின் மேல் வைத்துவிட்டு, கச்சையோடு நின்றார். அவர் பக்கத்தில் ஒரு குப்பி நிறையத் தேங்காயெண்ணெய். அவருடைய களரியில் வேறு எதுவும் பூசுவதில்லை. சுயம்புலிங்கம் ஆசானின் பார்வை முதலில் அந்தக் குப்பியில் விழுந்தது. பிறகு அதைவிட்டு எடுக்க அவரால் முடியவில்லை. எரிகிற உடம்புக்குத் தேங்காயெண்ணெய்தான் வழி என்பது பூவங்குறிச்சியில் அவருக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. பத்தடி நடந்து, கையை நீட்டி, “கொஞ்சம் தாரும்வே” என்றால் போதும். ஆனால் எரிகிறது என்றாகிவிடும். எரிகிறது என்றால் என்ன அர்த்தம் என்பதை அவரே ஊருக்குக் கற்பித்திருந்தார்.

அவர் நின்றார். விழாத் தலைவர் சிவதாணு பிள்ளை எழுந்தார்.

சிவதாணு பிள்ளை அந்தத் தேர்தலில் நின்று, வைப்புத்தொகையை இழந்தவர். பாட்டரியில் ஓடும் ஒலிபெருக்கியும், பேசாமல் மிச்சமான பேச்சுகளும் அவரிடம் இருந்தன.

“வீரம் விளைந்த இந்நாஞ்சில் மண்ணிலே, சேரனும் பாண்டியனும் தோள்தட்டிய இத்திருநாட்டிலே...” என்று அவர் தொடங்கினார். சேரனிலிருந்து வேணாட்டுக்கு வந்தார். வேணாட்டிலிருந்து வெள்ளைக்காரன் வருவதற்கே நெடுநேரமாயிற்று. சுயம்புலிங்கம் ஆசானின் மார்பு செங்கல் நிறத்துக்கு வந்தது. தொடைகள் தாமாகவே துள்ளின. அவர் வலது காலைத் தூக்கி இடது காலில் வைத்தார், பிறகு மாற்றினார். தலைவர் சுதந்திரப் போராட்டத்துக்கு வந்தபோது ஆசான் இரண்டு காலையும் ஒரே நேரத்தில் தூக்க முயன்றார்.

“என்ன ஆசானே, தொட நடுங்குது?” என்றார் ஜான்ரோஸ் சிரித்துக்கொண்டு. “பயந்து போச்சோ?”

“பேசாதயும்வே” என்றார் சுயம்புலிங்கம். பல்லிடுக்கில் காற்றுதான் வந்தது.

“கண்ணுல வெள்ளம் வருதே?”

“குரு வணக்கம்.”

“குருவ நினைச்சா இடுப்ப எதுக்கு ஆட்டணும்?”

தலைவர் முடிக்கவில்லை. “ஆகவே, நான் கூற விழைவது யாதெனில்...” என்று அவர் மூச்சு வாங்கிய இடத்தில் ஆசான் பாய்ந்துவிட்டார்.

முதல் அடி தலைவர்மேல்தான் விழுந்தது. நடுவில் நின்றவர் அவர்தான். முழங்காலால் வயிற்றில் ஒன்று. சிவதாணு பிள்ளை விழைவது யாதென்று சொல்லாமலே மேசையோடு கவிழ்ந்தார். ஒலிபெருக்கியின் மைக் வைக்கோல் மேல் விழுந்து இரைந்துகொண்டே கிடந்தது. அடுத்த பாய்ச்சலில் ஆசானின் நெற்றி ஜான்ரோஸின் மூக்கில் மோதியது. முறிகிற சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது. ஜான்ரோஸ் நல்ல அடிக்காரர். ரத்தத்தை வழித்துக்கொண்டே ஆசானின் விலாவில் முஷ்டியை இறக்கினார். ஒரு எலும்பு உள்ளே போனது. சாதாரண நாளாக இருந்தால் ஆசான் அதோடு உட்கார்ந்திருப்பார். இன்று விலா எலும்பு அவருக்கு ஒரு பொருட்டாக இல்லை. ஜான்ரோஸைக் கட்டிப்பிடித்தார், தூக்கினார், அறுத்த நெல்தாள் குத்தி நின்ற வயலில் முகம்குப்புற அறைந்தார், மேலே விழுந்து உருண்டார். உருண்டதில் ஆசானின் மார்பிலிருந்த தைலம் ஜான்ரோஸின் கண்ணிலும் கிழிந்த மூக்கிலும் அப்பியது.

“எனக்கக் கண்ணு! தம்புரானே, எனக்கக் கண்ணு!” என்று ஜான்ரோஸ் அலறினார். வாயைத் திறந்த இடத்தில் ஆசானின் முழங்கை இறங்கியது. ஒரு பல் பறந்து முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவரின் மடியில் விழுந்தது. அவர் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, யாருடையது என்று கேட்டார். பதில் சொல்ல யாருக்கும் நேரமில்லை. விலக்கப்போன இரண்டு சீடர்களில் ஒருவன் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினான், மற்றவன் கையைப் பிடிக்க முடியாமல் ஓடினான். ஜான்ரோஸின் தோளெலும்பு இறங்கியது. அவர் அசையாமல் கிடந்தார். ஆசான் அப்போதும் அடித்துக்கொண்டிருந்தார், தரையை.

கூட்டம் குலவையிட்டது. இப்படி ஒரு ஆவேசத்தைப் பூவங்குறிச்சி பார்த்ததில்லை. தைலத்தின் மகிமை என்றார்கள். அகத்தியரே இறங்கினார் என்றார்கள். வென்ற ஆசானைத் தோளில் தூக்கி, மஞ்சள் கலந்த குடம் குடமான தண்ணீரால் குளிப்பாட்டி ஊருக்குள் கொண்டுபோவது அந்தப் பக்கத்து வழக்கம். குடங்கள் தயாராக இருந்தன.

தோளிலிருந்த ஆசான் குடங்களைப் பார்த்தார்.

“வேண்டாம்லே. தண்ணி வேண்டாம்.”

“பாத்தியளா, ஆசானுக்க அடக்கத்த!” என்று கூட்டம் உருகியது.

“மக்கா, கும்பிட்டுக் கேக்கேன், ஊத்தாதீங்கலே!”

ஊற்றினார்கள். தலையிலிருந்து ஊற்றினார்கள். தண்ணீர் தைலத்தைக் கரைக்கவில்லை. அதைக் கூட்டிக்கொண்டு இதுவரை எட்டாத இடங்களுக்கெல்லாம் போயிற்று. கண்ணுக்குள் போயிற்று. கச்சைக்குள் இறங்கி, அங்கே ஏற்கெனவே இருந்ததோடு சேர்ந்தது.

ஆசான் போட்ட கூச்சலில் தென்னையிலிருந்த காக்கைகள் எழுந்தன. தூக்கியவர்களின் முகத்தில் மிதித்துக் குதித்தார். ஒரு குடத்தைப் பிடுங்கி அதைக் கொண்டுவந்தவன் தலையிலேயே உடைத்தார். மஞ்சள் தண்ணீரோடு அவன் உட்கார்ந்தான். ஆசான் தாளில் புரண்டார், கொப்புளத்தில் தாள் குத்த எழுந்தார், மறுபடி விழுந்தார், நாலு காலில் தவழ்ந்து ஜான்ரோஸ் கிடந்த இடத்துக்கு வந்தார். ஜான்ரோஸ் உட்கார்ந்த நிலையில், வீங்கி மூடிய கண்களைத் தேங்காயெண்ணெயால் துடைத்துக்கொண்டிருந்தார். கையில் குப்பி.

“எண்ணெய் தாரும்வே!”

“தாறேன்” என்றார் ஜான்ரோஸ், பல் போன வாயால். குப்பியை மார்போடு அணைத்துக்கொண்டார். “ஆனா பறையும். இது என்ன தைலம்? நான் முப்பது வருசமா அடி கொண்டவன். இந்த மாதிரி ஒண்ணு எனக்கக் கண்ணுல பட்டதில்ல.”

ஆசான் சுற்றிலும் பார்த்தார். ஊரே வட்டமாக நின்றது. முன்னால் தாணப்பன், கொப்புளம் போட்ட இரண்டு கையையும் காற்றில் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றான். வென்றாயிற்று. வாயை மூடிக்கொண்டால் பானையும் களரியும் மிஞ்சும். ஆசான் வாயை மூடினார். தொடைநடுவில் மஞ்சள் தண்ணீர் இன்னும் கொஞ்சம் இறங்கியது.

“ஒண்ணுக்கு முப்பதுவே!” என்று அவர் கதறினார். “ஒரு பங்கு தைலத்துக்கு முப்பது பங்கு நல்லெண்ணெய்! மந்திரமும் இல்ல, மயிரும் இல்ல! நல்லெண்ணெய ஊத்தணும்! ஊத்தத்தாம்வே செஞ்சேன்! குப்பியத் தாரும்!”

அவர் வாய்க்கு ஒரு முழத்தில் ஒலிபெருக்கியின் மைக் கிடந்தது. அது தன் வேலையைச் செய்தது. ஒண்ணுக்கு முப்பது என்ற செய்தி வயலையும் குளத்தையும் தாண்டி அஞ்சுகிராமம் ரோட்டில் போய்க்கொண்டிருந்த மாட்டுவண்டிக்காரனுக்கும் போய்ச் சேர்ந்தது.

தாணப்பன் ஓரடி முன்னால் வந்தான்.

“அப்பம் மனசுத்தி?” என்றான் தாணப்பன்.

ஆசான் குப்பியை நோக்கிக் கையை நீட்டினார்.

“எனக்க மச்சினனுக்கு இடுப்புல தோலு போச்சு ஆசானே. உலக்கையால எனக்க மண்டையப் பொளந்தான். ஊருக்கு முன்னால, நான் பாவி, மனசு அழுக்குன்னு நின்னேன். நல்லெண்ணெயா?”

“எண்ணெய ஊத்துலே மொதல்ல” என்றார் ஆசான்.

தாணப்பன் ஜான்ரோஸின் கையிலிருந்து குப்பியை வாங்கினான். சீடனுக்குரிய முறைப்படி குனிந்து, ஆசானின் மார்பிலும் முதுகிலும் கண்ணிமையிலும் எண்ணெயைத் தடவி, காய்ந்த துணியால் ஒற்றி எடுத்தான். பின்னும் தடவினான், பின்னும் எடுத்தான். கச்சைப் பக்கம் வந்ததும் குப்பியை ஆசானிடமே கொடுத்தான், முறை மாறவில்லை. ஆசான் மூச்சு விடத் தொடங்கியதும் தாணப்பன் நிமிர்ந்து நின்று, ஆசானின் கோபுரவாசலில் ஒரே ஒரு குத்து வைத்தான். அது ஆசான் சொல்லிக்கொடுத்த பாடம்தான். நன்றாகவே படித்திருந்தான்.

தீர்ப்பு சொல்ல வேண்டிய சிவதாணு பிள்ளையை அதற்குள் கட்டிலில் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஆனாலும் ஜான்ரோஸ் நாணயஸ்தர். தோற்றது தோற்றதுதான் என்று, தோளைக் கட்டிக்கொண்டு, நாற்சந்தியில் தமது பானையைக் கவிழ்த்தார். அதில் தேங்காயெண்ணெய்தான் இருந்தது. அந்த வாரமே பூவங்குறிச்சியில் வீட்டுக்கு வீடு சஞ்சீவித் தைலம் தயாராயிற்று. ஒண்ணுக்கு முப்பது என்று தெருவில் பிள்ளைகள் பாண்டி விளையாடும்போதுகூடச் சொன்னார்கள். ஆசானின் களரி பூட்டப்படவில்லை. யாரும் வராததால் பூட்ட வேண்டியிருக்கவில்லை.

ஆசான் வீட்டில் வாழையிலை விரித்து அதன்மேல் குப்புறக் கிடந்தார். கச்சை கட்டுகிற நிலைமை இல்லை. மேலே ஒரு மெல்லிய மல்துணி. அதுவும் படாமல் இருக்கக் கயிறு கட்டித் தூக்கி வைத்திருந்தது. பார்வதியம்மாள் விசிறிக்கொண்டிருந்தாள். விசாரிக்க வந்த ஆபேல் வாசலிலேயே நின்றான்.

“பரணியில நல்லெண்ணெய் இல்லை, ஆபேலுக்கத் தைலம் இருக்குன்னு சொல்லத்தான் வந்தேன்” என்றாள் பார்வதியம்மாள். “பொம்பளச் சத்தம் கேக்கப்பிடாதுன்னுட்டாரு.”

ஆபேலுக்கு நம்ப முடியவில்லை. தன்னுடைய சரக்குக்கு வந்த அவமானமாகவும் அதை எடுத்துக்கொண்டான்.

“அம்மா சொல்லாட்டாலும் என்ன ஆசானே? கருவாத் தைலமில்லா அது! மூடியத் தொறந்தா மூணு வீடு மணக்கும். நான் குப்பியோட வரப்புல வரச்சிலேயே குளத்துல குளிச்சவனெல்லாம் திரும்பிப் பாத்தான். பரணி வாயத் தொறந்த உடனே, இது நல்லெண்ணெய் இல்லன்னு ஒமக்குத் தெரியலியா? நோயாளி கைய மோந்தே வாதத்தக் கண்டுபிடிக்கிற ஆளாச்சே நீரு?”

ஆசான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தலைமாட்டில் கொம்புச் சிமிழ் இருந்தது.

பொடி போட்டுப் போட்டு ஆசானுக்கு மூக்கில் வாசனை தெரியாமல் போய்ப் பல வருஷமாகியிருந்தது.